மூன்று நிமிஷம், ஒரே ஸ்லைடு: உங்களுக்கு என்ன ஆச்சு?

பரங்கிமலை_பாசஞ்சர்:
இரண்டு வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. டிபார்ட்மென்டில் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி. விதி தெரிந்ததுதானே, அனிமேஷன் கூடாது, நேரம் தாண்டினால் அவுட். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முழுசையும் எழுதி, தாம்பரம் லோக்கலில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தேன். மேடையில் முதல் வரியிலேயே 'டிட்டர்மைன்' என்றேன். முன்வரிசையில் ஒரு பையன். சிரிக்கக்கூட இல்லை, 'டிட்டர்மின்' என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவ்வளவுதான். எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் ஈயம் எவ்வளவு என்பது என் ஆய்வு, அந்தச் சொல் இன்னும் ஐந்து இடத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி முன்னாடியே நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிஷம் பத்து செகண்டில் 'தேங்க் யூ' சொல்லி இறங்கிவிட்டேன். ரிசல்ட்டைச் சொல்லவே இல்லை.

வடபழனி_ஜெர்மன்:
எனக்கு ஜெர்மன் பி1 வாய்மொழித் தேர்வு. சொந்த அனுபவம், நம்ம ஊர் நிலைமை, நன்மை தீமை என்று ஐந்து ஸ்லைடும் தப்பில்லாமல் போயிற்று. அப்புறம் என்னோடு தேர்வு எழுதும் பெண் கேள்வி கேட்க வேண்டும். 'வாரும்?' என்றாள். ஜெர்மனில் 'ஏன்?'. முதல் பாடத்திலேயே படித்தது. அந்த நொடியில் என் காதில் விழுந்தது தமிழ் 'வாரும்'தான். பெரிதாகத் தலையாட்டி 'யா' என்றேன்.

கோட்டூர்புரம்_வாசகன்:
பாசஞ்சர் தம்பி, பையன் மேல் பழி போடாதீங்க. மனப்பாடம்தான் தப்பு. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போச்சு. எனக்கும் ஒரு செமினாரில் ஆயிற்று, விடுங்க. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம் இருந்தால் போதும். நடுவில் படத்தைக் கையால் காட்டிப் பேசணும். மூன்று நிமிஷத்துக்கு முந்நூற்றைம்பது சொல்லுக்கு மேல் எழுதினால் ஓட வேண்டியதுதான். வாயில் நுழையாத சொல்லை அடித்துவிட்டு 'ஃபைண்ட்' போடுங்க, ஈயம் கோபித்துக்கொள்ளாது. ரிசல்ட்டை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடணும், பாதியில் இறங்கினாலும் நஷ்டமில்லை. இந்தப் போட்டியே 2008ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. அங்கே வறட்சி, குளிப்பதற்கே மூன்று நிமிஷ டைமர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த யோசனை. 2019ல் லாரித் தண்ணீரில் குளித்த நமக்கு இதெல்லாம் கஷ்டமா?

வடபழனி_ஜெர்மன்:
சார், மனப்பாடத்தைத் திட்டாதீங்க. என்னைப் பாஸ் பண்ண வைத்தது அதுதான்.

பரங்கிமலை_பாசஞ்சர்:
அண்ணா, நான் அட்வைஸ் கேட்கவில்லையே. பழியும் போடவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கள் லேபில்தான் இருக்கிறான், நல்லவன். அவன் எதிரில் அந்தச் சொல் வந்தால் இன்றைக்கும் இருமிவிடுகிறேன்.