கார்செட்டில் ஐலெட் பிய்ஞ்சு வருது, இடுப்பில் மடிப்பு விழுது – எங்கே தப்பு? (பெங்களூரு)

அல்சூர்_ஊசி:
வணக்கம். காமிக் கான் ரசிகர் விழாவுக்குப் போட ஸ்டீம்பங்க் (விக்டோரியா காலத்து உடையும் நீராவி இயந்திரமும் கலந்த கற்பனைப் பாணி) உடை தைக்கிறேன். மார்புக்குக் கீழே தொடங்கி, பின்னால் கயிறு இழுத்து இடுப்பை இறுக்குற கார்செட், பின்னால் புடைச்சு நிக்கிற பாவாடை, காகிள்ஸ். கார்செட்டிலேயே நிக்குது வேலை.

இயல்பான இடுப்பு 76 செ.மீ. தைச்சு முடிச்ச கார்செட் 70. பக்கத்துக்கு 6 துண்டு. வெளியே பனாரஸ் பிரோகேட், நடுவில் ஒட்டுற கேன்வாஸ், உள்ளே சாட்டின். எலும்புக்கு (துணி மடியாம நிமிர்த்தி நிறுத்துற பட்டி) மீட்டர் கணக்கில் வாங்கின ரிகிலின் பிளாஸ்டிக் பட்டி. ஐலெட் (கயிறு கோக்குற உலோக வளையம்) ஒற்றைத் துண்டு, பஞ்ச் கருவியால் ஓட்டை போட்டு அடிச்சது.

கயிறை இழுத்துக் கட்டினா இடுப்புக்கு நேரே உள்ள ஐலெட் நாலும் துணியோட வருது. இடுப்பைச் சுத்தி குறுக்கே மடிப்பு. ஒரு எலும்பு மேல் பைப்பிங்கைக் குத்தி வெளியே எட்டிப் பார்க்குது. பின்னால் கயிறு கட்டுற ரெண்டு ஓரத்துக்கும் நடுவில் இடைவெளி இடுப்பில் 2 செ.மீ., கீழ் விளிம்பில் 7. பிரிச்சு சரி பண்ணலாமா, புதுசா வெட்டணுமா?

நாடாவும்_கயிறும்:
புதுசா வெட்டுங்க. பிரோகேட் தேறினா அதை மட்டும் எடுத்து வச்சுக்கலாம்.

இழுப்பைத் தாங்க உள்ளே எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல். பிரோகேட் பார்வைக்கு. சாட்டினில் இழை நகரும். ஒட்டுற கேன்வாஸ் விறைப்பைத் தரும், பலத்தைத் தராது. விக்டோரியா காலத்துல இதுக்குன்னே கூட்டில்னு மீன்முள் நெசவில் ஒரு துணி இருந்தது. அதைத் தேடி அலைய வேண்டாம், கனமான காட்டன் டிரில் போதும். 58 அங்குல அகலத்தில் 1 மீட்டர் வாங்கினா ரெண்டு அடுக்கு வரும். சிக்பேட்டோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டோ, லைக்ரா கலக்காததுன்னு சொல்லிக் கேளுங்க. வெந்நீரில் முக்கி, காயவச்சு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்க. அதுக்கு முன்னாடி துணியை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க. எந்தப் பக்கம் குறைவா நீளுதோ அது இடுப்பைச் சுத்தி வரணும்.

அடுத்தது இடுப்பு நாடா. உங்க கார்செட்டில் இது இல்லவே இல்லை. 2 செ.மீ. அகல காட்டன் நாடா, முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரைக்கும், ரெண்டு டிரில் அடுக்குக்கும் நடுவில், இடுப்புக் கோட்டு மேலயே. ஒவ்வொரு பாதியிலும் துணி அளவைவிட அரை செ.மீ. குறைச்சு வைங்க. அப்போ இழுப்பு முதல்ல நாடாவில் விழும், தையலுக்குப் போகாது. உள்பாவாடையில் எடையைத் துணியா தாங்குது? நாடாதானே தாங்குது, அதே கணக்குதான்.

ஐலெட்டுக்கு பஞ்ச் வேண்டாம். பஞ்ச் இழையை அறுக்குது, அறுந்த வட்டம்தான் அப்படியே பிய்ஞ்சு வருது. குத்தூசியால் குத்தி, பென்சில் முனையைத் திருகி விரிச்சு, இழைகளை விலக்கி ஓட்டை பண்ணுங்க. வாஷரோட வர்ற ரெண்டு துண்டு ஐலெட், உள்விட்டம் 5 மி.மீ., வாஷர் உள்பக்கம். 2.5 செ.மீ.க்கு ஒண்ணு, இடுப்புக்கு நேரே உள்ள நாலு மட்டும் 1.5 செ.மீ. இடைவெளியில். ஒவ்வொண்ணையும் அடிச்சதும் பின்பக்கம் விரலால் தடவுங்க. பிளந்த உலோகம் சுரண்டினா அது நாளைக்குக் கயிறை அறுக்கும். பிடுங்கிட்டு வேற அடிங்க.

அளவு: 76-லிருந்து 5 குறைச்சா 71. பின் இடைவெளிக்கு 5 போனா தைக்க வேண்டியது 66. கீழே 7 செ.மீ. விரியுதுன்னா இடுப்பெலும்புப் பக்கம் துணி பத்தலைன்னு அர்த்தம். இப்போதைய பேட்டர்னில் இடுப்பில் 4 குறைச்சு, கீழ் விளிம்பில் 2 கூட்டினா இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி 5 வரும். அந்த 2-ஐ ஒரே தையலில் கொட்டாதீங்க, பக்கவாட்டு நாலு தையலுக்கும் அரை அரை செ.மீ. பிரிச்சுக் கொடுங்க. 16 நம்பர் ஊசி, தையல் நீளம் 2 மி.மீ., ஒவ்வொரு தையலும் ரெண்டு தடவை.

எஸ்பி_ரோடு_பித்தளை:
மேலே சொன்னது எல்லாமே சரி. எலும்பைப் பற்றி நான் சொல்கிறேன், மடிப்பில் பாதி அதனால் வருவது.

ரிகிலின் பாலியெஸ்டர். உடல் சூட்டில் இளகி, எந்த இடத்தில் வளைந்ததோ அப்படியே நின்றுவிடும். பிளவுஸுக்குச் சரி, இழுத்துக் கட்டும் கார்செட்டுக்கு ஆகாது. எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடைகளில் 9 மி.மீ. அகல கேபிள் டை கேளுங்கள். 4.8 மி.மீ. வாங்கினால் பணம் வீண். சுருட்டி வைத்ததால் வளைந்திருக்கும்; மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி வைத்தால் நேராகும். உங்களுக்கு 16 வேண்டும்: துண்டுகள் சேரும் தையலுக்கு ஒன்றாக 10, முன் நடுவின் இருபுறம் 2, ஐலெட் வரிசைகளின் இருபுறமுமாக 4. அந்தக் கடைசி நாலுக்கு மட்டும் தட்டை ஸ்டீல் போடுங்கள். நைலான் கேபிள் டை அங்கே கயிறின் இழுப்புக்கு வில் மாதிரி வளையும்.

எலும்பு வெளியே வந்ததற்குக் காரணம் நீளம். எலும்பு போகும் துணிக்குழல் எவ்வளவு நீளமோ அதைவிட 1.2 செ.மீ. குறைவாக வெட்டுங்கள். முனையை நகவெட்டியால் வளைவாகக் கத்தரித்து, உப்புத்தாளில் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்தில் உறுத்தினால் பைப்பிங்கையும் குத்தும். ஸ்டீல் முனைக்கு பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப் பத்துச் சுற்று.

காகிள்ஸுக்குப் பழைய கடிகாரப் பாகம் வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பழைய முள்ளையும் டயலையும் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். பல பழைய கடிகாரங்களில் அந்தப் பூச்சு உண்மையான ரேடியம். பெயிண்ட் ஒளிர்வதை நிறுத்திய பிறகும் கதிர்வீச்சு நிற்பதில்லை. வண்டியில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்' வேறு, அதில் ரேடியம் கிடையாது. பல்சக்கரங்களை மட்டும் எடுங்கள். ஹாட் க்ளூ வழவழப்பான பித்தளையைப் பிடிக்காது, வெயிலில் கழன்றுவிடும். சின்ன ரிவெட் அடியுங்கள், அல்லது ஓட்டை வழியாக நூலால் தைத்துவிடுங்கள்.

பட்டுக்கரை:
பாவாடைக்கு ஒரு யோசனை. பழைய பட்டுப்புடவை ஒன்றே மேல்பாவாடைக்குப் போதும், ஐந்தரை மீட்டர் இருக்குமே. சரிகைக் கரையை அடி விளிம்பாக வைக்கலாம். வெட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் ஒளி கீற்றாகத் தெரிந்தால் அங்கே பட்டு இற்றுவிட்டது; அந்த இடத்தை ஒதுக்குங்கள், அல்லது பின்னால் மல் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

பின்புடைப்புக்கு உள்ளே பிறை வடிவத் தலையணை, நாடாவால் இடுப்பில் கட்டுவது. இலவம்பஞ்சு அமுங்கிப் போகும், ஃபைபர் பஞ்சு அடையுங்கள். மேல்பாவாடையின் உள்பக்கம் மூன்று இடத்தில் நெடுக்காக 15 செ.மீ.க்கு ஒன்றாக பிளாஸ்டிக் வளையம் தைத்து, நாடாவைக் கோத்து மேலே இழுத்துக் கட்டினால் துணி அடுக்கடுக்காகப் புடைக்கும். கட்டை அவிழ்த்தால் மறுபடி தட்டையாகிவிடும். இஸ்திரி போடச் சுலபம். அடி மடிப்பை மட்டும் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்று அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் பழுப்பிலேயே செய்ய வேண்டாமே. 1856-ல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் ஊதா நிறச் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே லண்டன் பெண்கள் பளீரென்ற ஊதாவுக்கு மாறினார்கள். பின்புடைப்பு வந்தது அதற்குப் பிறகு, 1870-களிலும் 1880-களிலும். உங்கள் வீட்டில் கத்தரிப்பூ நிறப் புடவை இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

அல்சூர்_ஊசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிரில் வாங்கி ஊறப் போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு: முன்பக்கம் திறக்குற ஸ்டீல் பஸ்க் (குமிழும் வளையமும் மாட்டுற பட்டி) கிடைக்கல. ஜிப் போடலாமா?

நாடாவும்_கயிறும்:
போடலாம். ஜாக்கெட்டுக்கு வர்ற மாதிரி அடியில் முழுசாப் பிரியுற உலோக ஜிப், 10 நம்பர். 5 நம்பர் பல் விட்டுடும். நீளத்தைக் கார்செட்டின் முன் உயரத்துக்குச் சரியாப் பார்த்து வாங்குங்க, பிரியுற ஜிப்பை அடியில் வெட்ட முடியாது. முன் நடுவுக்குச் சொன்ன ரெண்டு எலும்பையும் ஜிப்பை ஒட்டியே வைங்க, இடுப்பு நாடாவின் முனையை ஜிப் தையலுக்குள்ள பிடிச்சுத் தைங்க. உள்ளே 5 செ.மீ. அகலத்துல ஒரு பட்டி வேணும், இல்லைன்னா பல் தோலைக் கிள்ளும். போடும்போது கயிறை நல்லாத் தளர்த்தி, ஜிப்பை மூடி, அப்புறம் இழுங்க. கழட்டும்போது முதல்ல கயிறு, பிறகு ஜிப். இழுப்பு இருக்கும்போதே திறந்தா அடியில் உள்ள ஊசி மாதிரி முனை வளைஞ்சுடும், அதுக்கப்புறம் அது மாட்டாது.