பிஎஸ்2-வில் பிஎஸ்1 டிஸ்க் போட்டால் மட்டும் டிவியில் படம் வரவில்லை: எந்த கன்வர்ட்டர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஸ்லிம் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), காம்போனென்ட் கேபிள் (படத்தை மூன்று வயர்களில் பிரித்து அனுப்புவது), 4கே டிவி. பிஎஸ்2 கேம்கள் அருமையாக ஓடுகின்றன. பிஎஸ்1 டிஸ்க் போட்டால், கேம் தொடங்கியதும் திரை கறுத்து "சிக்னல் இல்லை" என்று வருகிறது. ஒரு கேமில் மெனு தெரிகிறது, ஆட்டத்துக்குள் நுழைந்த நொடியே படம் போய்விடுகிறது.

கேபிள் பழுதில்லை. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் அவுட்டை ஆர்ஜிபியிலிருந்து, இந்தக் கேபிளுக்கு உரிய நிற சிக்னலான ஒய் பிபி பிஆருக்கு மாற்றியாகிவிட்டது. ஆர்ஜிபியிலேயே விட்டால் நிறம்தான் கெடும், எனவே அது காரணமில்லை. சிக்கல் 240பி (ஒவ்வொரு முறையும் 240 வரிகளை முழுதாக வரையும் பழைய சிக்னல்) என்றே நினைக்கிறேன். பிஎஸ்2 கேம்கள் பெரும்பாலும் 480ஐ (480 வரிகளைப் பாதி பாதியாக மாறி மாறி வரைவது), அதை டிவி ஏற்கிறது. பிஎஸ்1 கேம்கள் பெரும்பாலும் 240பி, அதைக் காம்போனென்ட் வழியாகப் பல புது டிவிகள் ஏற்பதில்லை. மஞ்சள் காம்போசிட் பின்னில் (முழுப் படமும் ஒரே வயரில் வருவது) அதே டிஸ்க் ஓடுகிறது, ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் சிவப்பு கசிகிறது. அதோடு விளையாட மனம் வரவில்லை.

பிஎஸ்2-வின் பின்னால் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர்களைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அவற்றில் பல, சிக்னலை அளவு மாற்றாமல் அப்படியே அனுப்புபவை. 240பி அங்கேயும் 240பிதான்.

ரெட்ரோடிங்க் 2எக்ஸ், ஓஎஸ்எஸ்சி ஆகிய கன்வர்ட்டர்கள் இரண்டும் 240பி-யை வரி இரட்டித்து 480பி (480 வரிகளையும் முழுதாக வரைவது) ஆக்குகின்றன. இவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: 480ஐ கேம்களில் படம் எவ்வளவு துடிக்கிறது? மெனுவுக்கும் ஆட்டத்துக்கும் இடையே சிக்னல் மாறும்போது டிவி எத்தனை நொடி கறுக்கிறது? டிவி மாடலையும் சேர்த்து எழுதினால் பேருதவி.