கொஞ்சமா மன்னிக்கப்பட்ட ஆள் கொஞ்சமாத்தான் அன்பு வைக்கேலுமோ?

மனையாவெளி_தங்கச்சி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சின்னனில இருந்தே சேர்ச்சுக்குப் போற ஆள், பெரிய பிழை எண்டு ஒண்டும் செய்யேல்ல. எங்கட கூட்டத்தில குடியை விட்டுட்டு வந்த ஒரு அண்ணா பாட்டு படிக்கேக்கயே அழுவார், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. லூக்கா 7ல இயேசு, கொஞ்சம் மன்னிக்கப்பட்டவன் கொஞ்சமாத்தான் அன்பு வைப்பான் எண்டு சொல்றாரே, அப்ப என்னால அவரில கனக்க அன்பு வைக்க ஏலாதா? ராவில இதையே யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்.

உப்புவெளி_அக்கா:
தங்கச்சி அந்த உவமையை திரும்ப வாசிங்கோ. ஒருத்தனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு 50. அந்தக் காலத்தில ஒரு காசு ஒரு நாள் கூலி. ரெண்டு பேரிட்டயும் குடுக்க வழியில்ல எண்டுதான் கிடக்கு, 50காரனும் வங்குரோத்துதான். கடன் குடுத்தவன் ரெண்டு பேரையும் மன்னிச்சு விட்டிட்டான். இயேசு இந்த உவமையைச் சொன்னது சீமோன் எண்ட பரிசேயனுக்கு, வேதச்சட்டத்தை கடுமையாப் பிடிக்கிற கூட்டத்து ஆள். அவன் இயேசுவை சாப்பிடக் கூப்பிட்டுட்டு கால் கழுவ தண்ணிகூட குடுக்கேல்ல, தானும் கடன்காரன் எண்டதே அவன்ர மண்டைக்குள்ள ஏறேல்ல.

பாலையூற்றுக்காரன்:
அக்கா சொன்னது சரி. நான் 19 வயசில அம்மான்ர தோட்டை எடுத்துக்கொண்டு போய் அடகு வைச்சன், மீட்கவே இல்ல. அவ ஒண்டும் கேக்கேல்ல, கேட்ட சனத்துக்கு தானே அடகு வைச்சதெண்டு சொல்லிட்டு, காதுத்துளை தூர்ந்து போகாம வேப்பம் ஈர்க்கைக் குத்திக்கொண்டு ரெண்டு வருசம் கோயிலுக்கு வந்தவ, நான் அவவுக்கு கள்ளன் ஆரெண்டு தெரியாதெண்டே திரிஞ்சன். பிறகு ஒரு நாள் மனசு கேக்காம சொல்லிட்டன். "அண்டைக்கே தெரியும் மகன்" எண்டுட்டு என்ர சோத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டா. அந்த ஈர்க்கு அப்பதான் என்ர கண்ணில பட்டுது. அதுக்குப் பிறகு அம்மாவில வந்த பாசம் வேற. சிலுவையும் எனக்கு அப்பிடித்தான் விளங்கினது, கடன் குடுத்தவன் அந்த 550ஐயும் தன்ர கையால இழந்தவன், என்ர நட்டம் அவர்ர உடம்பில கிடக்கு.

உப்புவெளி_அக்கா:
தம்பி, வாசிச்சு அழுதிட்டன். ஒண்டு மட்டும், கனக்க பாவம் செய்தாத்தான் கனக்க அன்பு வருமெண்டு ஒருத்தரும் எடுக்கக்கூடாது, ரோமர் 6ல பவுல் தொடக்கத்திலயே அதை மறுத்திட்டார்.

மனையாவெளி_தங்கச்சி:
சீமோன் தண்ணி குடுக்கேல்ல எண்டு அக்கா எழுதினதோட எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. நேற்று அந்த அண்ணா எங்கட வீட்ட வந்தவர், நான் வாசல்ல நிண்டே கதைச்சு அனுப்பிட்டன், ஒரு பிளேன்ரீ கூட குடுக்கேல்ல. பழைய குடிகாரன்தானே எண்டு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம் இருந்தது, இப்பதான் தெரியுது. இதுவரைக்கும் இதை நான் பாவமெண்டே எண்ணினதில்ல அக்கா. இப்ப எழுதேக்க கண் கலங்குது.