மறு: சிங்கிங் ஃபண்டுக்கு ‘பெருஞ்செலவு நிதி’ சரிவருமா?

> சிங்கிங் ஃபண்ட் = மூழ்கு நிதி. வீடு வாங்குவோர் கையேட்டில் இதையே போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா.

சிங்கிங் ஃபண்ட் என்பது மலேசியாவில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பின்னால் வரும் பெரிய செலவுகளுக்காகச் சேர்த்துவைக்கும் பணம். அதை ‘மூழ்கு நிதி’ என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இந்தப் பெயரில் மூழ்குவது நிதி அல்ல, கடன். பிரிட்டனில் 1717இல் அரசியல்வாதி ராபர்ட் வால்போல் கொண்டுவந்த ஏற்பாட்டில், அரசாங்கக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க ஒதுக்கிய பணத்துக்கு அமைந்த பெயர் அது. மலாய் மொழியில் பொருளைப் பார்த்து ‘கும்புலான் வாங் பெஞ்செலாஸ்’ என்று வைத்தார்கள். ‘மெஞ்செலாஸ்கான் ஹூத்தாங்’ என்றால் கடனை அடைப்பது. நாம் ‘மூழ்கு நிதி’ என்று எழுதினால், கோலாலம்பூர் செந்தூலில் முதல் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர் ‘போட்ட பணம் மூழ்கிவிடும்’ என்றுதான் படிப்பார்.

‘கடன்தீர் நிதி’ என்று நம் குழுவில் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். வரலாற்றுக்குப் பொருத்தம்தான். ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தில் அடைக்க வேண்டிய கடன் எதுவும் இல்லையே. இங்கே அந்தப் பணம் எதற்கு என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும்.

வீடு அவரவருக்குத் தனி உரிமை, லிஃப்ட் போன்றவை எல்லாருக்கும் பொது என்ற அமைப்புக்கு ஸ்ட்ராட்டா என்று பெயர். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி (சட்டம் 757) நிர்வாகம் இரண்டு கணக்கு வைக்க வேண்டும். பராமரிப்புக் கணக்கிலிருந்து பாதுகாவலர், துப்புரவு, பொது விளக்கு, லிஃப்ட் சர்வீஸ் போன்ற மாதாந்தரச் செலவுகள் போகும். மற்றதுதான் சிங்கிங் ஃபண்ட்: கட்டடம் முழுவதற்கும் சாயம் அடிப்பது, பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதிது போடுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது ஆகியவற்றுக்கு. கட்டடத்தைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் பொறுப்பில் இருக்கும் காலத்தில், பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டை இதற்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டணம் 300 ரிங்கிட் என்றால் இதற்கு 30, மொத்தம் 330. கோயிலில் அன்றாடப் பூசைச் செலவு வேறு, கும்பாபிஷேகத்துக்குச் சேர்க்கும் திருப்பணி நிதி வேறு அல்லவா? அந்த வேறுபாடுதான் இங்கேயும்.

இந்த 30 ரிங்கிட்டைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. கட்டணம் குறைவு என்று மகிழ்ந்து பழைய கொண்டோவை வாங்குகிறார்கள். நிதியில் ஒன்றும் சேர்ந்திருக்காது. லிஃப்ட் நின்றபின் ஒவ்வொரு வீட்டிடமும் தனியாகப் பணம் கேட்டு நோட்டீஸ் வரும். ஆகவே சொல்லைப் பார்த்ததும் ‘பெரிய செலவு ஒன்று வரப்போகிறது, அதற்கான பணம் இருக்கிறதா?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும். அதனால்தான் என் பரிந்துரை: பெருஞ்செலவு நிதி.

குழுவில் வந்த மற்ற இரண்டு பரிந்துரைகளையும் யோசித்தேன். ‘சேமநிதி’ அழகான சொல். ஆனால் இந்நாட்டில் அது ஊழியர் சேமநிதிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு வாங்க அங்கிருந்து பணம் எடுக்கிறவரிடமே ‘மாதம் சேமநிதிக்குக் கட்டுங்கள்’ என்றால் தலை சுற்றும். ‘புதுப்பிப்பு நிதி’ எனக்கும் முதலில் பிடித்தது. அப்புறம் ரெனோவேஷன் டெபாசிட் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடு மாற்றுமுன் நிர்வாகத்திடம் கட்டித் திரும்பப் பெறுகிற அந்தத் தொகையோடு இது நிச்சயம் குழம்பும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ‘லிஃப்ட் மாற்றும் செலவு பெருஞ்செலவு நிதியிலிருந்து எடுக்கப்படும்.’ ‘ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், விற்பவரின் நிலுவைக்கு நிர்வாகத்திடம் சான்று கேளுங்கள், பெருஞ்செலவு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேளுங்கள்.’ இரண்டும் தடையில்லாமல் ஓடுகின்றன.

இன்னொன்று. கையேட்டில் இப்படிப்பட்ட மாதக் கட்டணங்கள் மொத்தத்துக்கும் ‘வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க வழக்குக்கு அது சரி. அங்கே பெரும்பாலும் வீட்டை வாங்கியதுமே சங்கத்தில் உறுப்பினர், கட்டாவிட்டால் வீட்டின் மேலேயே கை வைக்க முடியும். நம் ஊரில் சங்கம் என்றால் விரும்பிச் சேர்வது. தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், தரை வீட்டுக்காரர்கள் பூம் கேட் என்ற நுழைவுத் தடுப்புக்கும் பாதுகாவலருக்கும் குடியிருப்பாளர் சங்கத்திடம் கொடுப்பது அப்படிப்பட்டதுதான். தனி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, கட்டாயப்படுத்த முடியாது. ஸ்ட்ராட்டா கட்டணம் அப்படியல்ல. அது சட்டப்படியான கடன். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம், ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் வரை கொண்டு போகலாம். எனவே சங்கத்துக்குக் கொடுப்பதைச் ‘சந்தா’ என்றும் ஸ்ட்ராட்டா கட்டணத்தைப் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்றும் கையேடு முழுக்கப் பிரித்தே எழுத வேண்டும். தரை வீடு என்பதாலேயே சந்தா என்று முடிவு கட்டவும் கூடாது. சில வேலியிட்ட குடியிருப்புகளுக்கு ஸ்ட்ராட்டா பட்டா உண்டு.

ஸ்ட்ராட்டாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கும் பங்கின் அளவான ஷேர் யூனிட்டுக்குப் ‘பங்கலகு’ போதும். கட்டணம் கணக்கிடுவது அதை வைத்துத்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பங்குச் சந்தை நினைப்பு வராது.

பினாங்கு நண்பர்கள், முக்கியமாக ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், உங்கள் கூட்டங்களில் இந்தப் பணத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வாயில் புழங்கும் நல்ல சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து