பாப்பர் பிராய்டை எங்கே “அடித்து நொறுக்கினார்”?

ரயிலடி:
நேற்று நம் மன்றத்தின் ஜோதிட இழையில் கடைசிபெஞ்ச் போகிறபோக்கில் ஒரு வரி எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்: “பிராய்டை எல்லாம் கார்ல் பாப்பர் எப்போதோ அடித்து நொறுக்கிவிட்டார். உளப்பகுப்பாய்வு அறிவியல் இல்லை, குப்பை.” அதற்கு இருபது பேர் கைதட்டல் வேறு. (பாப்பர், எது அறிவியல் என்று கோடு போட முயன்ற தத்துவவாதி. உளப்பகுப்பாய்வு, நோயாளியைப் பேசவிட்டு மனதின் ஆழத்தைத் தேடும் பிராய்டின் முறை.) அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அது ராகு கேது பேசுகிற இடம் என்பதால் தனி இழை.

எல்லோரும் ஒப்பிக்கிற கதை இதுதான். 1919, வியன்னா. இளைஞர் பாப்பர், உளமருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரின் குழந்தைகள் ஆலோசனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். ஒரு குழந்தையைப் பற்றி ஆட்லரிடம் சொல்கிறார். ஆட்லர் அந்தக் குழந்தையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. உடனே தாழ்வு மனப்பான்மை என்று விளக்கிவிடுகிறார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டால், “என் ஆயிரம் மடங்கு அனுபவம்” என்கிறார். இப்போது அது ஆயிரத்தொன்று ஆகிவிட்டதாக்கும் என்கிறார் பாப்பர்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. இதில் பிராய்ட் எங்கே? ஆட்லர் 1911லேயே பிராய்டோடு சண்டை போட்டுப் பிரிந்து தனிக்கடை போட்டவர். தனிக்குடித்தனம் போன மருமகள் வைத்த குழம்பில் உப்பு கரித்தால் மாமியாரையா திட்டுவீர்கள்?

கடைசிபெஞ்ச்:
என் ஒரு வரிக்கு ஒரு முழு இழை. மரியாதைக்கு நன்றி.

அந்தக் கதையைச் சொன்ன அதே உரையில் பாப்பர் மார்க்ஸ், பிராய்ட், ஆட்லர் மூன்று பேரையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைக்கிறார். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான். இன்னொருவன் அதே குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறான். பிராய்டிடம் கேட்டால் முன்னவனுக்கு ஒடுக்கப்பட்ட, அதாவது மனதுக்குள் அமுக்கி மறைத்த ஆசை, பின்னவனுக்கு அது உயர்ந்த செயலாக மாறி உயர்நிலைப்பட்டுவிட்டது. ஆட்லரிடம் கேட்டால் இரண்டு பேருக்கும் தாழ்வு மனப்பான்மை. எது நடந்தாலும் ஜெயிக்கிற சித்தாந்தத்துக்கு அறிவியல் என்று பெயர் வைக்க முடியாது.

ஐன்ஸ்டைன் என்ன செய்தார்? சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்று முன்கூட்டியே எண்ணைக் கையில் கொடுத்துவிட்டார். அதே 1919இல், மே 29 கிரகணத்தில் வளையவில்லை என்றால் கதை முடிந்தது. பிராய்டிடம் அப்படி ஒரு எண் காட்டுங்கள், என் வரியை வாபஸ் வாங்குகிறேன்.

(விகலை என்றால் ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. அப்படியும் புரியாதவர்கள் ஜோதிட இழையில் கேட்கவும். அங்கே நிபுணர்கள் உண்டு.)

ரயிலடி:
நான் கேட்டது ஆட்லர். பதில் வந்தது கிரகணம்.

தண்ணீரில் விழுந்த குழந்தை பாப்பர் உட்கார்ந்து யோசித்த உதாரணம். பிராய்ட் அப்படி யாருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. பாப்பரே கேள்வி, பாப்பரே பிராய்டின் பதில். நேரில் பார்த்தது என்று அவர் கையில் இருப்பது ஆட்லர் கதை ஒன்றுதான். அதையும் சொன்னது 1953இல், கேம்பிரிட்ஜ் உரையில். 34 வருடம் கழித்து, நினைவிலிருந்து. 1919இல் அவருக்கு வயது என்ன? 1902 ஜூலையில் பிறந்தவர். நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

ஆட்லர் பிராய்ட் அல்ல. இதற்கு முதலில் பதில்.

தேங்காய்மூடி:
பழைய ஜோக் ஒன்று. உளப்பகுப்பாய்வு அமர்வுக்கு முன்னதாக வந்தால் பதற்றம். தாமதமாக வந்தால் எதிர்ப்பு. சரியான நேரத்துக்கு வந்தால் கட்டாய மனநிலை. நான் போகவே இல்லை, எனக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

மாடத்துப்புறா:
இரண்டு பேரும் பாப்பரையே சுற்றுகிறீர்கள். இதைப் பற்றி அவரைவிட முழுசாக எழுதியவர் அடால்ஃப் குருன்பாம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த தத்துவவாதி. 1984இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். பாப்பர் சொன்னது தப்பு என்கிறார். பிராய்டின் கூற்றுகளைச் சோதிக்க முடியும். பிராய்டே சில இடங்களில் பின்வாங்கியிருக்கிறார். 1897 செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், சிறுவயதுப் பாலியல் வன்முறைதான் நரம்புக்கோளாறுக்குக் காரணம் என்ற தன் கொள்கையை இனி நம்பவில்லை என்று எழுதினார். எதற்கும் அசையாத சித்தாந்தம் என்றால் இது எப்படி?

ரயிலடி சார் சந்தோஷப்பட வேண்டாம். சோதிக்கலாம், ஆனால் கையில் இருக்கிற ஆதாரம் தேறாது என்பதுதான் குருன்பாம் கட்சி. நோயாளி சொல்வதில் டாக்டரின் எதிர்பார்ப்பு கலந்துவிடுகிறது. நான் சில வருடம் ஆலோசகராக இருந்தவள். ஓர் அம்மா மூன்றாவது அமர்வில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கு எங்கப்பாவைப் பத்திச் சொல்லணுமா மேடம்?” என்று அவரே ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே பாடத்திட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் சொன்னதை எதற்கு ஆதாரமாக எடுப்பது?

கடைசிபெஞ்ச்:
மேடம், பின்வாங்கியதைச் சொன்னீர்கள், நழுவியதையும் சொல்லுங்கள். கனவு என்றால் ஆசை நிறைவேற்றம் என்று பிராய்ட் ஒரு பெண் நோயாளிக்கு விளக்குகிறார். மறுநாளே அந்தப் பெண் ஒரு கனவோடு வருகிறாள்: மாமியாரோடு சேர்ந்து விடுமுறைக்குப் போவது போல. நிஜத்தில் மாமியார் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றே தள்ளி வேறு இடம் பிடித்தவள் அவள். ஆசைக்கு நேர் எதிர்! பிராய்ட் என்ன சொன்னார்? என் கொள்கை தப்பாக வேண்டும் என்பதுதான் உன் ஆசை, கனவு அதை நிறைவேற்றிவிட்டது என்றார். இதை எந்தக் கிரகணத்தில் சோதிப்பது?

தேங்காய்மூடி:
இந்த இழையில் மாமியார் வருவது இரண்டாவது முறை. குறித்துக்கொள்ளவும்.

ரயிலடி:
கனவு நூல் வந்தது ஆட்லர் பிரிவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னால். பாப்பர் நேரில் பார்த்தது யாரை? ஆட்லரை. ஆட்லர் யார்? பிராய்டின் எதிரி. இதை நான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

அப்புறம் “குப்பை” என்ற சொல். பாப்பர் அப்படிச் சொல்லவே இல்லை. பிராய்டும் ஆட்லரும் சில விஷயங்களைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள், சோதிக்கக்கூடிய ஓர் உளவியல் வரும் நாளில் அவற்றுக்கு அதில் இடம் கிடைக்கலாம் என்றுதான் சொன்னார். ஹோமரின் ஒலிம்பஸ் கடவுள் கதைகளோடு ஒப்பிட்டார், உண்மை. புராணத்திலிருந்துதான் பல அறிவியல் கொள்கைகள் வளர்ந்தன என்றும் அவரே சொன்னார். கடைசிபெஞ்ச் படித்தது புத்தகத்தையா, பின்னட்டையையா?

பழையசோறு:
ஒருவர் “ஃப்ளீஸ்” என்கிறார், அதே ஆள் “பிராய்ட்” என்கிறார். ஃப் போடுவதென்றால் எல்லா இடத்திலும் போடுங்கள், இல்லையென்றால் எங்கேயும் வேண்டாம். முதலில் தமிழை ஒழுங்காக எழுதுவோம், நனவிலியை (நமக்கே தெரியாத மனதை) அப்புறம் பார்ப்போம்.

இன்னொன்று. போன மாதம் ஜோதிட இழையில் என் மேல் இதே பாப்பரை ஏவிவிட்டவர் ரயிலடிதான். “ஜாதகம் எதையும் விளக்கும், அதனால் அறிவியல் இல்லை” என்று எனக்கு நாலு பத்தி பாடம். இன்று அதே பாப்பர் 17 வயசுப் பையன் ஆகிவிட்டார். நல்லது.

ரயிலடி:
ஐயா, ஜாதகத்துக்குப் பாப்பர் தேவையே இல்லை, பொது அறிவு போதும். அன்று உங்களுக்காக மெனக்கெட்டது என் தப்பு.

பழையசோறு:
இந்தத் திமிருக்கு ஆட்லரிடம் ஒரு பெயர் இருக்கிறது. அவர் குழந்தையைப் பார்க்காமலே சொன்னார், நானும் உங்களைப் பார்க்காமலே சொல்கிறேன்.

மாடத்துப்புறா:
1915 வழக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குருன்பாம் அதிகம் பிடித்துக்கொள்வது அதைத்தான். தன்னை யாரோ துரத்துவதாக நம்பும் சந்தேக நோய்க்கு வேர் ஒடுக்கப்பட்ட ஒருபால் ஈர்ப்பு என்பது பிராய்டின் கொள்கை. ஒரு வக்கீல், 30 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வருகிறார். காதலனின் அறையில் அவள் இருந்தபோது ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம், தன்னைப் புகைப்படம் எடுக்க ஆள் வைத்திருக்கிறான் என்கிறாள். துரத்துகிறவன் ஆண். கொள்கைப்படி பெண்ணாக இருக்க வேண்டும். அப்படியானால் கொள்கையைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதை பிராய்டே ஒப்புக்கொண்டு எழுதுகிறார். சோதிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கடைசிபெஞ்ச்:
மீதிக் கதை எங்கே மேடம்? இரண்டாவது தடவை வரச்சொன்னார். அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருப்பது தெரிந்தது. வயதான, நரைத்த தலைப் பெண், அம்மா ஜாடை. உடனே கொள்கை பிழைத்துக்கொண்டது! முதல் அமர்வில் கிடைக்காத பாட்டி இரண்டாவதில் கிடைத்துவிட்டார். எனக்கும் கணக்குப் பரீட்சையில் இரண்டாவது அமர்வு கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு.

1934இல் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒடுக்கம் உண்மை என்று சோதனை செய்து பார்த்து பிராய்டுக்கே அனுப்பினார். பதில் என்ன தெரியுமா? எங்களிடம் நம்பகமான கவனிப்புகள் ஏராளமாக இருப்பதால் சோதனைச் சரிபார்ப்பு தேவையில்லை, ஆனாலும் கெடுதல் ஒன்றுமில்லை என்று எழுதினார். ஆயிரம் மடங்கு அனுபவம் என்று ஆட்லர் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே ரயிலடி? இப்போது மாமியாரும் மருமகளும் ஒரே குழம்பு.

ரயிலடி:
ஒன்றல்ல. ஆட்லர் குழந்தையைப் பார்க்கவில்லை, பிராய்ட் வருடக்கணக்காக நோயாளியோடு உட்கார்ந்தவர். அதுவும் 1934 கடிதம். பாப்பரின் கதை 1919.

உங்கள் பாப்பர் டார்வினையே சோதிக்கக்கூடிய அறிவியல் கொள்கை அல்ல, சோதனைக்கு எட்டாத தத்துவ (மெட்டாபிசிக்ஸ்) ஆய்வுத் திட்டம் என்று எழுதிவிட்டு, 1978இல் அதை மாற்றிக்கொண்டார். டார்வினும் குப்பையா?

பாப்பரின் நினைவாற்றலும் அப்படித்தான். 1946 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் தத்துவவாதி விட்கன்ஸ்டைன் கணப்புக் கிளறும் இரும்புக் கம்பியைக் கையில் வைத்து ஆட்டினார், தான் ஒரு பதிலடி கொடுத்ததும் அவர் வெளியேறினார் என்று எழுதினார். அந்த அறையில் இருந்த சிலர், பாப்பர் அதைச் சொல்வதற்கு முன்பே விட்கன்ஸ்டைன் போய்விட்டார் என்கிறார்கள். இவர் கதைகளில் எப்போதும் இவரே கடைசி வரி சொல்லி ஜெயிக்கிறார், கவனித்தீர்களா?

தேங்காய்மூடி:
உங்களைப் போலவே.

புதுவரவு:
மன்னிக்கவும், புதிது. அறிவியல் என்றால் என்ன என்று முதலில் யாராவது சொன்னால் எனக்குப் பின்தொடர வசதியாக இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
அந்தக் கம்பி விஷயத்தில் அறையில் இருந்த வேறு சிலர் பாப்பர் பக்கம்தான் பேசினார்கள். பாதிச் சாட்சியை மட்டும் எடுத்துப்போடுவது ரயிலடிக்குப் பழக்கம். 2019இல் கீழடி இழையில் செய்ததை நாங்கள் மறக்கவில்லை.

ரயிலடி:
கீழடிக்கும் ஆட்லருக்கும் என்ன சம்பந்தம்?

கடைசிபெஞ்ச்:
ஆட்லருக்கும் பிராய்டுக்கும் இருக்கிற சம்பந்தம்தான்.

மாடத்துப்புறா:
1917 விரிவுரைகளில் பிராய்ட் ஒரு வாதம் வைக்கிறார். நோயாளிக்குள் நிஜமாக இருப்பதோடு பொருந்தும் விளக்கம் மட்டுமே அவரைக் குணமாக்கும் என்று. குருன்பாம் தாக்குவது அதைத்தான். அந்த விளக்கம் இல்லாமலே குணமானவர்கள் இருக்கிறார்களே? இதற்கு யாராவது பதில் சொல்வீர்களா, நான் சுவரோடு பேசுகிறேனா?

பழையசோறு:
குருன்பாமா, க்ரூன்பவுமா? அதையாவது முடிவு செய்யுங்கள்.

ரயிலடி:
மேடத்துக்கு நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் கடைசிபெஞ்சுக்கு ஐந்தாவது முறை: பாப்பர் நேரில் பார்த்த ஒரே ஆள் யார்? ஒரு பெயர் போதும்.

கடைசிபெஞ்ச்:
சிக்மண்ட்.

ரயிலடி:
பாருங்கள் மக்களே.