ஏ7 III: இருட்டில் ஐஎஸ்ஓ 100 வைத்து ஏற்றுவதா, 640-க்குப் போவதா?

ஒளிக்கசிவு:
சோனி ஏ7 III கேமரா வைத்திருப்பவர் எதற்கு ஐஎஸ்ஓவை (சென்சார் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) தொட வேண்டும்? டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் பிடிபடும் இருட்டு முதல் வெளிச்சம் வரையான வீச்சு) உச்சம் 100-ல்தான். கேமராக்களைச் சோதிக்கும் டிஎக்ஸ்ஓவின் அளவீட்டில் 14.7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). இருட்டிலும் 100-லேயே எடுத்து லைட்ரூம் மென்பொருளில் பிரகாசத்தை 3 ஸ்டாப் ஏற்றினால் 800-ல் எடுத்தது மாதிரியே வரும், விளக்குச் சுடரும் வெளுக்காது. நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) வருவது வெளிச்சம் போதாததால், ஐஎஸ்ஓவால் அல்ல.

கறுப்புமட்டம்:
கடைசி வரி பாதிதான் சரி. அடர்ந்த நிழலில் ரீட் நாய்ஸும் (பிக்சலைப் படிக்கும்போது மின்சுற்றே சேர்ப்பது) சேரும். அது எல்லா ஐஎஸ்ஓவிலும் ஒன்றல்ல. இந்தக் கேமராவில் 640 வந்ததும் பிக்சலின் கன்வர்ஷன் கெயின் (ஓர் எலக்ட்ரானுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற விகிதம்) மாறி, ரீட் நாய்ஸ் சட்டென்று இறங்குகிறது. அதனால்தான் 500-ஐவிட 640-ல் ரேஞ்ச் கூடுதல். 100-லிருந்து ஏற்றியதையும் 800-ல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, கறுப்புத் துணியின் மடிப்பைப் பாருங்கள்.

ஒளிக்கசிவு:
மடிப்பில் நாலு புள்ளி கூடினால் குடி முழுகாது. 800-க்குப் போனால் ஹைலைட்டில் (படத்தின் மிக வெளிச்சமான பகுதியில்) முழுசாக 3 ஸ்டாப் காலி. அதை எந்த மென்பொருளும் மீட்காது.

கறுப்புமட்டம்:
640-ல் நில்லுங்கள் என்கிறேன், 800-க்கு யார் போகச் சொன்னது? 6400 கேட்கும் இருட்டில் 640 வைத்து 3.3 ஸ்டாப் ஏற்றினால் நிழல் கிட்டத்தட்ட 6400-க்குச் சமம். ஹைலைட்டில் அந்த 3.3 ஸ்டாப்பும் மிச்சம். இன்னொன்று, பிக்சலுக்குச் சுமார் 14 ஸ்டாப்தான் பிடிக்கும் 14 பிட் கோப்பில் 14.7 ஸ்டாப் எப்படி வந்தது? படத்தை 8 மெகாபிக்சலுக்குச் சுருக்கிக் கணக்கிட்டதால். இந்தக் கேமராவின் 24 மெகாபிக்சலை 8 ஆக்கினாலே சுமார் 0.8 ஸ்டாப் கூடும்.

பழையகண்ணாடி:
இதைப் படித்துவிட்டு கேனான் 5டி மார்க் III-ல் யாரும் முயல வேண்டாம். அதில் ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் சுற்று) சென்சாருக்கு வெளியே இருக்கிறது; சிக்னலைப் பெருக்கும் கெயினுக்குப் பிறகு சேரும் நாய்ஸ் அதிகம். உத்தேசமாக, 100-ல் ஒரு பிக்சலின் கொள்ளளவு 68,000 எலக்ட்ரான், ரீட் நாய்ஸ் 33: வகுத்தால் சுமார் 2,060 மடங்கு, அதாவது 11 ஸ்டாப். 800-ல் 8,500, நாய்ஸ் 5: 10.7 ஸ்டாப். ஐஎஸ்ஓ 3 ஸ்டாப் ஏறியும் இழப்பு 0.3 மட்டுமே. 100-ல் எடுத்து ஏற்றினால் நிழலில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஐஎஸ்ஓ 50-ஐயும் நம்பாதீர்கள். 100-ஐயே ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தில் எடுத்துக் குறைத்துக் காட்டுகிறது.

ஒளிக்கசிவு:
பழைய கேனானுக்குச் சரி, மறுக்கவில்லை. ஏ7 III-ல் இந்த 640 வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்க வழி சொல்லுங்கள்.

கறுப்புமட்டம்:
ட்ரைபாட், மேனுவல் மோடு, அப்பர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/30. இரண்டையும் மாற்றவே கூடாது. ஷட்டரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் ஐஎஸ்ஓ ஏற ஏற ஷட்டர் வேகமும் ஏறும். சென்சாருக்குப் போகும் வெளிச்சமே குறைந்துவிடும். பெரும்பாலான 'ஒப்பீடுகள்' கெடுவது இங்கேதான். டிஆர்ஓ (நிழலைத் தானாகத் தூக்கும் வசதி) ஆஃப், ரா (சென்சார் தரவு அப்படியே உள்ள கோப்பு) அன்கம்ப்ரஸ்டு. 3200-ல் சரியாக வரும்படி வெளிச்சத்தை அமைத்துவிட்டு 100, 500, 640, 3200 என எடுத்து, முதல் மூன்றையும் 3200-ன் பிரகாசத்துக்கு ஏற்றிப் பாருங்கள். லைட்ரூமில் எக்ஸ்போஷர் +5 தான் எல்லை. 100-லிருந்து 3200-க்கு அது மிகச் சரியாகப் போதும். கலர் நாய்ஸ் ரிடக்ஷன் தானாகவே 25-ல் நிற்கும், அதைப் பூஜ்யமாக்காவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒளிக்கசிவு:
சூரிய அஸ்தமனத்துக்கு நான் 100-ஐ விடப்போவதில்லை.

கறுப்புமட்டம்:
விடச் சொல்லவில்லையே. ஆட்டோ ஐஎஸ்ஓ 400, 500 என்று நின்றால் மட்டும் அங்கே விட்டுவைக்காதீர்கள். ஹைலைட் முக்கியமென்றால் 100, நிழல் முக்கியமென்றால் 640.