தலைகீழ் அனுபவம் தந்தால் யோசனை விரியுமா? பட்டறையில் செய்ய வழி?

மலர்விழி: 20 பேர் வருகிற பட்டறை. வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கருவி கிடையாது. நடக்கவே முடியாததை அனுபவித்தால் புதுசாக யோசிக்க வரும் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா?

செந்தில்: போதாது. நெதர்லாந்தில் உளவியலாளர் சிமோன் ரிட்டர் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வின் உயிர்நாடியே அதுதான். மெய்நிகர் அறையில் மேசைமேல் ஒரு பெட்டி. கிட்டே போகப் போகச் சிறுத்தது. தட்டிவிட்ட பாட்டில் கீழே விழாமல் மேலே போனது. அந்த அறைக்குள் நடந்தவர்களின் சிந்தனை நெகிழ்ந்தது, அதையே படமாகப் பார்த்தவர்களுக்கு இல்லை.

கருவி இல்லாமலும் செய்தார்கள். பிரெட்டில் வெண்ணெய் தடவி சாக்லேட் துகள் தூவுவது அங்கே வழக்கம். முதலில் தட்டில் துகளைக் கொட்டி, வெண்ணெய்ப் பக்கம் கீழே வரும்படி பிரெட்டை அதன்மேல் கவிழ்க்கச் சொன்னார்கள். யோசிக்காமலே செய்கிற வேலையாகத் தேர்ந்தெடுங்கள், வரிசையை மட்டும் புரட்டுங்கள். புது வேலை கொடுத்தால் உடைக்கப் பழக்கமே இருக்காது.

தமிழ்ச்செல்வி: அளப்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். "எதெல்லாம் சத்தம் போடும்?" என்று கேட்டு 2 நிமிடம் எழுத விடுங்கள். விடைகளை அல்ல, வகைகளை எண்ணுங்கள். நாய், பூனை, காக்கா என்றால் 1 வகை. நாய், குக்கர், பசித்த வயிறு என்றால் 3. பாதிப் பேர் வழக்கமான வரிசையில் செய்யட்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? முன்னும் பின்னும் ஒரே கேள்வி வேண்டாம், பழக்கத்திலேயே மதிப்பெண் ஏறும்.

செந்தில்: ஆமாம். அதோடு பக்கத்துக்கு 10 பேர் என்பது சின்னக் கூட்டம், வித்தியாசம் வந்தாலும் நிரூபணம் என்று அடித்துச் சொல்லாதீங்க.